வேலையில் உயர நினைப்பது தவறா? நித்தியத்தைத்தான் தேடுகிறோமா என்று எப்படிச் சோதிப்பது?

கேள்வி

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். மேலானவைகளைத் தேடச் சொல்கிறது கொலோசெயர் 3:1. ஆனால் படிப்பு, பதவி உயர்வு, வீடு என்று திட்டமிடாமல் குடும்பம் நடத்த முடியாது. நியாயமான முயற்சி எந்த இடத்தில் உலக ஆசையாக மாறுகிறது? "ஜெபித்து முடிவெடுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

பதில் 1

ஊழியம் என்றால் நித்தியம், ஆபீஸ் வேலை என்றால் உலகம் என்று வேதம் பிரிக்கவில்லை, பிரதர். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்தால் பலன் உண்டு என்று கொலோசெயர் 3:22-24ல் பவுல் சொல்வது அடிமைகளிடம். வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர்கள் அவர்கள். ஆகவே யாருக்காகச் செய்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் உங்கள் இலக்கை எழுதுங்கள். கீழே "எதற்காக?" என்று கேட்டு விடை எழுதுங்கள். அந்த விடைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். நாலைந்து முறை கேட்டால் அடிவேர் தெரியும். பதவி, சம்பளம், பெரிய வீடு என்று போய் "நாலு பேர் மதிப்பார்கள்" என்பதில் முடிகிறதா? அங்கேதான் மனந்திரும்ப வேண்டும். லூக்கா 12:16-21ல் வரும் ஐசுவரியவானுக்கு நிலம் நன்றாக விளைந்தது பாவமல்ல. என் களஞ்சியம், என் தானியம், என் பொருள் என்று அவன் போட்ட திட்டத்தில் தேவனும் இல்லை, அயலானும் இல்லை.

பதில் 2

இயேசு விதைக்கிறவன் உவமையை விளக்கும் மாற்கு 4:16-19ஐ நிதானமாக வாசியுங்கள். அங்கே விதை என்பது தேவவசனம், நிலம் என்பது அதைக் கேட்பவர்கள். கற்பாறையில் விழுந்தவர்கள் உபத்திரவம் வந்ததும் இடறலடைகிறார்கள். முள்ளுள்ள இடத்திலோ வசனம் நெருக்கப்பட்டுப் பலனற்றுப்போகிறது. இப்படிப்பட்டவர் சபைக்கு வருவார், காணிக்கை போடுவார், பாடுவார். கனி மட்டும் இருக்காது. வெளியே ஒன்றும் தெரியாததால் யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். அங்கே முதல் முள்ளாகச் சொல்லப்படுவது உலகக் கவலை. பேராசை இல்லாதவரையும் அது நெருக்கிவிடும்.

சம்பள உயர்வு கைக்கு வருமுன்பே, அதில் எவ்வளவு செலவுக்கு, எவ்வளவு கொடுப்பதற்கு என்று எழுதிவிடுங்கள். வந்தபின் யோசித்தால் தேவைகள் முந்திக்கொள்ளும். 1 கொரிந்தியர் 16:2 வாரத்தின் முதல்நாளிலேயே வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கச் சொல்கிறது. மிச்சத்தில் கொடுக்க நினைத்தால் மிச்சமே இராது. புதிய பொறுப்பை ஏற்குமுன் கடந்த மாத நாட்காட்டியை எடுத்து வேதவாசிப்பு, குடும்ப ஜெபம், ஆராதனை இவற்றில் எது வெட்டுப்படும் என்று குறியுங்கள். கடனிலும் கவனம் தேவை. ஆண்டவர் "போ" என்றாலும் மாதத் தவணை போகவிடாது.

"இன்னும் இரண்டு வருஷம் மட்டும்" என்று சொல்லித்தான் பலர் வழுவிப்போகிறார்கள். அப்படிச் சொல்வதானால் தேதி குறித்து, துணைவரிடமும் சபை மூப்பர் ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். அவர்கள் கேட்பார்கள்.

பதில் 3

ஊழியத்திலும் உலக ஆசை நுழையும். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச்சொல்ல எழுதிய பாருக்கிடம்தான் "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்றார் கர்த்தர் (எரேமியா 45:5). கூட்டத்தின் எண்ணிக்கை, மேடை, பெயர் எல்லாம் இதில் அடங்கும். இன்னொருவருடைய ஊழியம் வளரும்போது உள்ளம் சந்தோஷப்படுகிறதா, சுருங்குகிறதா? பிலிப்பியர் 1:15-18ஐ வைத்துப் பாருங்கள். மத்தேயு 6:3-4ன்படி யாருக்கும் தெரியாத ஓர் உதவியையாவது மாதந்தோறும் செய்யுங்கள். அதை யாரிடமாவது சொல்லத் துடிக்கும் அளவே நம் நிலையைக் காட்டிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டியவர் அதிகம் சம்பாதிக்க நினைத்தால்?

பதில் 1

அது உலக ஆசை அல்ல. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் (காணிக்கை) என்று தேவனுக்கு ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:9-13). 1 தீமோத்தேயு 5:8ம் அதையே வலியுறுத்துகிறது. அவர்களுக்கு மாதம் எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைத் தாளின் மேலே எழுதிவிட்டு, அதற்கும் மேல் தேடுவதற்கு மட்டும் "எதற்காக?" என்று கேளுங்கள்.