இன்டர்னல் 34 வாங்கியவன் அரியர், 24 வாங்கியவன் பாஸ்: இது என்ன கணக்கு?

அரியர்_வாத்தியார்:

சாயங்கால டியூஷனில் இன்ஜினியரிங் கணக்கு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் எம்-1-இல், அதாவது முதல் செமஸ்டர் கணக்கில், அரியர் வைத்தவர்கள், பாஸ் ஆகாமல் திரும்ப எழுத வேண்டியவர்கள். முதல் நாள் மேட்ரிக்ஸ் தொடங்குவதில்லை, இந்தக் கணக்கைத்தான் போர்டில் எழுதுவேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே போடுகிற மார்க், 40; பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வு 60. வினாத்தாள் 100-க்கு இருக்கும், வாங்கியதை 60-க்குச் சுருக்குவார்கள். ஒருவனுக்கு இன்டர்னல் 34, செமஸ்டரில் 43. சுருக்கினால் 25.8. மொத்தம் 59.8. அவன் நண்பனுக்கு இன்டர்னல் 24, செமஸ்டரில் 46. சுருக்கினால் 27.6. மொத்தம் 51.6. யார் பாஸ்?

51.6 பாஸ். 59.8 அரியர். மொத்தத்தில் 50 வந்தால் மட்டும் போதாது, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும். அதாவது 60-க்கு 27.

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த வரி. 50-இல் 27 போனால் 23. இன்டர்னல் 23 இருப்பவனுக்கும் செமஸ்டரில் 27 வேண்டும், 38 இருப்பவனுக்கும் அதே 27 வேண்டும். 23-க்கு மேல் வாங்குகிற மார்க் பாஸ் ஆவதற்கு உதவாது. கீழே போனால் மட்டும் ஒவ்வொன்றுக்கும் செமஸ்டரில் ஈடுகட்ட வேண்டும். இன்டர்னல் 10 என்றால் 60-க்கு 40, பேப்பரில் 67. கணக்கில் தடுமாறுகிற பையனுக்கு 67 எங்கிருந்து வரும்? தூக்கிவிடாது, அமுக்க மட்டும் செய்யும். அதற்கு எதற்கு 40 மார்க்?

எம்1_மேடம்:

சார், கணக்கு சரி, முடிவு தப்பு. நானும் முதல் வருஷப் பிள்ளைகளுக்குத்தான் பல வருஷமாக எடுக்கிறேன்.

அந்த 45 கோடு இல்லை என்று வையுங்கள். ஒரு கல்லூரி எல்லோருக்கும் 40-க்கு 40 போட்டுவிட்டால் செமஸ்டரில் 60-க்கு 10 போதும், பேப்பரில் 17. பார்ட் ஏ-யில் பத்து இரண்டு மார்க் கேள்வி இருக்கிறது. ஒன்பதைச் சரியாக எழுதினால் 18 வந்துவிடும். ஐந்து 16 மார்க் கேள்வியில் ஒன்றைக்கூடத் தொடாமல் ஒருவன் எம்-1 பாஸ் ஆகிவிடுவான். அவன்தான் அடுத்த செமஸ்டரில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் போடப்போகிறானா?

அப்புறம் 23 என்பது மலை இல்லை. இன்டர்னல் எப்படி வருகிறது என்று பாருங்கள். இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றும் 100. அதில் அசைன்மென்ட் மாதிரி வேலைகளுக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60. அசைன்மென்டை ஒழுங்காகக் கொடுத்து 40 வாங்கிவிட்டு, டெஸ்டில் 60-க்கு 20 மட்டும் எடுத்தாலே 100-க்கு 60. இரண்டு தடவையும் அப்படி என்றால் இன்டர்னல் 24. உங்கள் 23-ஐத் தாண்டியாச்சு. இதற்கும் கீழே போகிறவனை இன்டர்னல் அமுக்கவில்லை, அவனே உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

கடைசி_பெஞ்ச்:

அசைன்மென்டை "ஒழுங்காக" கொடுப்பது எப்படி என்று நான் சொல்கிறேன் மேடம். வகுப்பில் ஒருத்தி போடுவாள். படம் வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும். மீதிப் பேர் ராத்திரி உட்கார்ந்து எழுதுவோம். ஒரு தடவை அவள் ஐகன் வேல்யூவில் ஒரு மைனஸை விட்டுவிட்டாள். மறுநாள் வகுப்பு முழுக்க அந்த மைனஸ் இல்லை. எல்லோருக்கும் 38. குவாட்ராடிக் ஃபார்ம் புரியாமல் நானே முட்டி மோதிப் போட்டு, இரண்டு நாள் லேட்டாகக் கொடுத்த அசைன்மென்டுக்கு 20.

இன்டர்னலில் அசைன்மென்டின் பங்கு 16 மார்க். அந்த 16 யாருடைய கணக்கறிவு? முடி வெட்டவில்லை என்றால் இன்டர்னலில் கை வைப்பேன் என்று மிரட்டிய ஆளையும் பார்த்திருக்கிறேன். செமஸ்டர் பேப்பர் திருத்துகிறவருக்கு என் முடி தெரியாது. எனக்கு அது போதும்.

பொருநைக்காரன்:

பையன் இப்போது பிளஸ் டூ. பள்ளியிலேயே இது தொடங்கிவிடுகிறது. கணக்குக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. பாடத்துக்கு 200 மார்க் இருந்ததை 100 ஆக்கியபோது வந்த ஏற்பாடு. வருகைப் பதிவு, டெஸ்ட், ஒப்படைப்பு, இணைச் செயல்பாடு என்று பிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் 10-க்குக் குறைவாக வாங்கியவர் யாரும் இல்லை.

ஆனால் சும்மா விட முடியாத 10 அது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-இல் இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி 50, 50 என்று வரும். கணக்கு மட்டும் முழு 100. அதனால் கணக்கு அகமதிப்பீட்டில் ஒரு பள்ளி இரண்டு மார்க் குறைத்தால் கட்-ஆஃபில் முழுசாக இரண்டு போச்சு. 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்காதபோது பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 என்று கணக்கிட்டார்கள். கணக்குக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது, அதனால் இந்த 10-ஐத்தான் 30 ஆக்கினார்கள். மொய் எழுதுகிற மாதிரி எல்லோருக்கும் எழுதியது அந்த ஒரு வருஷம் மார்க் ஆகிவிட்டது.

அரியர்_வாத்தியார்:

மொய் என்றீர்களே, அதுதான் விஷயம். 40 என்று எழுதிவைத்தால் மட்டும் அதற்கு 40 மார்க் எடை வந்துவிடாது. ஒரு வகுப்பில் எல்லோருக்கும் இன்டர்னல் 34-இலிருந்து 38-க்குள் என்றால், ஒரு மாணவனை இன்னொருவனிடமிருந்து அது பிரிப்பது நான்கே மார்க். அதே வகுப்பு செமஸ்டரில் 60-க்கு 12-இலிருந்து 55 வரை சிதறும். யார் மேலே, யார் கீழே என்பதைச் செமஸ்டர்தான் முடிவு செய்கிறது. நன்றாகப் போடுகிற பிள்ளைக்கு 38, போடாதவனுக்கு 36 என்றால் அவள் ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்ததற்குக் கிடைத்த கூலி 2 மார்க்.

கறாராகப் போடுகிற கல்லூரியில் கதை வேறு. அங்கே நடுத்தர மாணவனுக்கு 22. பக்கத்துக் கல்லூரியில் அதே தரத்துக்கு 36. செமஸ்டரில் இருவருக்கும் 50, சுருக்கினால் 30. ஒருவனுக்கு 52, இன்னொருவனுக்கு 66. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர் எந்தக் கல்லூரி கறார் என்று விசாரித்துக்கொண்டா இருப்பார்?

முந்தைய ரெகுலேஷனில் இன்டர்னல் 20, செமஸ்டர் 80. அங்கே இன்டர்னலில் கால்பங்கு, அதாவது 5 வாங்கியவனுக்குப் பேப்பரில் 57 தேவைப்பட்டது. இப்போது அதே கால்பங்குக்கு 67. ஒரு வாத்தியார் கையில் இருக்கிற கத்தி நீளமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஈலிங்_தமிழன்:

இங்கே இங்கிலாந்தில் இந்தச் சண்டை நடந்து முடிந்துவிட்டது. நான் ஜிசிஎஸ்இ, அதாவது பதினாறு வயதில் எழுதுகிற பொதுத்தேர்வு, எழுதிய காலத்தில் கணக்கில் 20 சதவீதம் கோர்ஸ்வொர்க். இரண்டு வேலை, ஒன்று புள்ளிவிவரம், இன்னொன்று ஏதாவது ஒரு அமைப்பை ஆராய்ந்து விதி கண்டுபிடிப்பது. வீட்டில் யார் செய்து கொடுத்தது என்று தெரியாது, இணையத்தில் விடை கிடைக்கிறது என்ற புகார் முற்றி, 2007-இல் தொடங்கிய பாடத்திட்டத்திலிருந்து எடுத்தே விட்டார்கள்.

எடுத்தது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஓடு பதிக்கிற கணக்கு ஒன்று எனக்கு வந்தது. அப்பா அம்மாவுக்குக் கணக்கு தெரியாது, அதனால் நானே மூன்று வாரம் கட்டம் வரைந்து எண்ணினேன். ஒரு சூத்திரத்தை முதன்முதலாக நானாகக் கண்டுபிடித்தது அப்போதுதான். பரீட்சை ஹாலில் அது நடந்திருக்காது.

எம்1_மேடம்:

உங்கள் ஊர் கோர்ஸ்வொர்க் முழுக்க வீட்டு வேலை. இங்கே இன்டர்னலில் 24 மார்க் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிற டெஸ்ட். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கடைசி_பெஞ்ச் தம்பி சொன்ன மைனஸ் கதை எனக்கும் தெரியும், அந்த மாதிரி நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். இப்போது ரோல் நம்பரின் கடைசி இலக்கத்தை மேட்ரிக்ஸில் ஒரு எண்ணாகப் போட்டுக் கொடுக்கிறேன். காப்பி அடித்தாலும் திரும்பப் போட்டாக வேண்டும். பாதிப் பேராவது போடுகிறார்கள்.

ஆனால் செமஸ்டர் ஒன்றே போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்டர்னல் இல்லையென்றால் கடைசிப் பத்து நாளில் கேலி-ஹாமில்டனையும் மேக்ஸிமா மினிமாவையும் மனப்பாடம் செய்துவிட்டு, டபுள் இன்டக்ரலைத் திறந்துகூடப் பார்க்காமல் போவார்கள்.

தமிழ்மீடியம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பிளஸ் டூ வரை தமிழில் படித்தேன். கல்லூரி தொடங்கிக் கொஞ்ச நாளில் முதல் டெஸ்ட். கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. "கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன்" என்பதற்குப் பதில் "சிறப்பியல்புச் சமன்பாடு" என்றிருந்தால் தெரிந்திருக்கலாம். 60-க்கு 9. இரண்டாவது டெஸ்டில் 38. அசைன்மென்ட் இரண்டிலும் 36. ஆக 200-க்கு 119, இன்டர்னல் 23.8. வாத்தியார் சார் சொன்ன 23-ஐ முக்கால் மார்க்கில் தாண்டியிருக்கிறேன்!

செமஸ்டரில் 71. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். சுருக்கினால் 42.6, மொத்தம் 66.4. பேப்பர் மட்டும் என்றால் எனக்கு 71. நான் கற்றுக்கொண்டுவிட்டேன், ஆனால் கற்றுக்கொள்வதற்கு முன்னால் எழுதிய 9 அப்படியே நிற்கிறது. நாலு கிரெடிட் பாடம் இது, சராசரியில் அதற்கேற்ற எடை உண்டு.

அரியர்_வாத்தியார்:

இதுதான் மேடம் நான் சொல்ல வந்தது. 9-இலிருந்து 71-க்கு வந்த பிள்ளைக்கு 9-ஐயும் சேர்த்து வெட்டுவது எந்த ஊர் நியாயம்? அரியர் விழுந்திருந்தாலும் அடுத்த தடவை எழுதும்போது அதே பழைய இன்டர்னல்தான் கூட வரும்.

எம்1_மேடம்:

இந்தப் பெண் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. முதல் செமஸ்டருக்காவது இரண்டு டெஸ்டில் நல்லதை மட்டும் எடுக்கலாம் என்று எங்கள் டிபார்ட்மென்ட் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். விதியில் இடமில்லை என்றார்கள்.

என்னால் முடிந்தது, குறைவாக வாங்கியவர்களுக்கு இரண்டாவது டெஸ்டுக்கு முன் சனிக்கிழமை மதியம் தனியாக வகுப்பு. வேடிக்கை என்னவென்றால் வருகிறவர்கள் 60-க்கு 50 வாங்கியவர்கள்தான். 9 வாங்கியவர்கள் ஒருவர்கூட வருவதில்லை.

தமிழ்மீடியம்:

எங்கள் கல்லூரியிலும் அப்படி ஒரு வகுப்பு உண்டு மேடம். சனிக்கிழமை எங்கள் ஊருக்கு பஸ் 1.40-க்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான்.