கொரியப் பண்பாட்டு முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி (செயின்ட் பால், மினசோட்டா):
வணக்கம். என் கணவர் கொரியாவில் பிறந்து, 1980களில் கைக்குழந்தையாக இங்குள்ள வெள்ளையர் குடும்பம் ஒன்றுக்குத் தத்து வந்தவர். எங்கள் எட்டு வயது மகளுக்குத் தமிழ்ப் பள்ளி, பாட்டி, பொங்கல் என்று என் பக்கத்து உறவும் மரபும் குறைவின்றிக் கிடைக்கின்றன. அப்பாவின் பக்கத்தைப் பற்றி அவள் கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் ஏதுமில்லை. தத்துப் பிள்ளைகளுக்கும் குடும்பத்தினருக்கும் கோடையில் நடக்கும் கொரியப் பண்பாட்டு முகாமில் அவளைச் சேர்க்க எண்ணுகிறேன். கணவர் தயங்குகிறார். சிறுவயதில் அவரும் இத்தகைய முகாமுக்குப் போனவர்தான். ஆடல் பாடல் எல்லாம் இருந்தும், தன்னை ஏன் தத்துக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சகோதரி, இத்தகைய முகாம் ஒன்றின் சமையலறையில் தொண்டு செய்தவள் நான். ஹங்குல் எழுத்து, டேக்வாண்டோ, விசிறி நடனம் என்று வகுப்புகள் நடக்கும். ஆனால் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது கிம்பாப் என்னும் சோற்றுச் சுருளைச் சுருட்டும்போதுதான். மூங்கில் பாயில் கடற்பாசித் தாளை விரித்து, நல்லெண்ணெய் கலந்த சோற்றைப் பரப்பி, முள்ளங்கி ஊறுகாயும் கீரையும் முட்டையும் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "உன் நிஜ அம்மா யார் என்று உன்னையும் பள்ளியில் கேட்பார்களா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை வேறெங்கே அவள் கேட்டிருக்க முடியும்? தயங்காமல் அனுப்புங்கள்.

மறுமொழி 2:
கணவரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கொரியப் போருக்குப் பின் ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அது உச்சத்தைத் தொட்டது போர்க்கால வறுமையில் அல்ல; நாடு செழித்துவந்த 1980களின் நடுவில், ஆண்டுக்கு 8,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டபோதுதான். மணமாகாத தாய்மாருக்கு அங்கே ஆதரவில்லை. பெற்றோர் உயிரோடிருந்தும் அநாதை என்று பதிவான பிள்ளைகளும் உண்டு. ஆவணங்கள் திரிக்கப்பட்டதையும் அரசு மேற்பார்வையில் தவறியதையும் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் உறுதி செய்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதையெல்லாம் எட்டு வயதுக் குழந்தையிடம் கொட்ட வேண்டியதில்லை என்றாலும், பண்டிகை உடையை மட்டும் உடுத்திவிட்டுப் பிரிவைப் பற்றி மௌனம் காக்கும் முகாம் பாதி வேலையைத்தான் செய்கிறது. எனவே, முகாமை நடத்துபவர்களில் தத்து வந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்களா, பெரியவர்களுக்குத் தனி அமர்வு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டும் இருந்தால், மகளை மட்டும் அனுப்பாமல் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3:
பிறந்த குடும்பத்தைத் தேட விரும்பும் தத்துப் பிள்ளைகளின் மரபணு மாதிரியைக் கொரியத் தூதரகங்களிலேயே 2020 முதல் பெற்றுக்கொள்கிறார்கள். தத்து ஆவணங்களுக்கான விண்ணப்பங்களை 2025 ஜூலை முதல் தென்கொரியாவின் தேசியக் குழந்தை உரிமை மையம் கவனிக்கிறது. இது முகாமுக்கு முன்பா, பின்பா, அல்லது வேண்டவே வேண்டாமா என்பதை உங்கள் கணவரே முடிவு செய்யட்டும்.