பூட்டுப் போடும்போது எதிராளியின் கை உங்கள் பொறுப்பு: மெத்தையில் கண்டதைச் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:
நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்குகிறேன். ஒரு மாகாணப் போட்டியில் எங்கள் பெடியன் ஒருவன் ஜூஜி கத்தாமேயில் மாட்டிக்கொண்டான், அதாவது கையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, இடுப்பை உயர்த்தி, முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கிற பூட்டு. மற்றக் கை உடம்புக்கு அடியில், தட்ட வழியில்லை. காலால் மெத்தையில் அடித்தான். விதிப்படி அதுவும் சரணடைதல்தான், 'மைத்தா' என்று வாயால் சொன்னாலும் போதும், ஆனால் மத்தியஸ்தர் தலைப்பக்கம் நின்றார், சனத்தின் சத்தத்தில் பிடித்திருந்தவனுக்கும் எதுவும் கேட்கவில்லை. முழங்கை விலகிய பிறகுதான் நிறுத்தினார்கள். பெடியனின் வீட்டில் கரைவலைத் தொழில். அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுக்கத் தகப்பன் கூலிக்கு ஆள் பிடித்துத்தான் வலை இழுத்தார்.

பூட்டின் விளைவு தெளிவாகத் தெரிந்தால் தட்டுமுன்பே மத்தியஸ்தர் இப்பொன், அதாவது ஆட்டத்தை முடிக்கிற முழு வெற்றி, கொடுக்கலாம். சின்ன வயதுப் பிரிவுகளில் ஏன் இன்னும் தயங்குகிறார்கள்?

மல்லாவியிலிருந்து:
அண்ணை, எனக்கு நடந்தது வேறு மாதிரி. இறுதிச்சுற்று, இதே பூட்டு, நான் தட்டுவதற்குள் முழங்கை சடக்கென்றது. அவன் அந்தக் கணமே பிடியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மத்தியஸ்தர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார், கடைசியில் புள்ளியில் நான் வென்றேன். பதக்கம் என்னிடம் இருக்கிறது, ஆனால் அன்று வென்றது அவன்தான், இதை எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். இப்போது வவுனியாப் பக்கம் போனால் அவன் வீட்டில்தான் சாப்பாடு.

மாங்குளத்திலிருந்து:
பெடியள் தட்டாமல் இருப்பதை வீரம் என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 1951இல் பிரேசிலில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா கையைத் திருகியபோது பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசி தட்டவே இல்லை, அவருடைய ஆட்கள்தான் துவாயை எறிந்து நிறுத்தினார்கள். சரி, அவர் வளர்ந்த மனிதர், பக்கத்தில் நிறுத்த ஆளும் இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதையை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. பிடிக்கிறவனுக்கும் சொல்லுங்கள்: கை முழுதாக நீண்டதும் அந்த இடத்தில் நில், வெட்டி இழுக்காதே, அவன் தட்ட நேரம் கொடு.

அப்புறம், குதிகாலைத் திருகுகிற ஹீல் ஹூக். முழங்கைப் பூட்டில் வலி முந்தி வந்து எச்சரிக்கும், இதில் வலி தெரிகிற நேரத்தில் முழங்கால் நார் கிழிந்திருக்கலாம். ஜூடோவில் முழங்கையைத் தவிர வேறு மூட்டைப் பூட்டவே விடுவதில்லை. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனமான ஐபிஜேஜேஎஃப் கூட 2021இல்தான் இதை அனுமதித்தது, அதுவும் பெரியவர்களில் பழுப்பு, கறுப்புப் பட்டிக்காரர் கி என்கிற தடித்த பயிற்சி உடுப்பில்லாமல் ஆடும்போது மட்டும். இங்கே யாராவது யூடியூப் பார்த்து இதைப் பிள்ளைகளுக்குப் பழக்கினால், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.