எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம்: வாங்கியதும் புழங்கியதும், உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இழையைத் தொடங்கியவர்:

வெறும் வார்ப்பிரும்பு வாணலியைப் பல ஆண்டுகளாகப் புழங்கிவந்த எனக்கு, எனாமல் பூசிய பாத்திரம் ஒன்றை வாங்கிய முதல் மாதத்திலேயே நேர்ந்ததைச் சொல்லி இந்த இழையைத் தொடங்குகிறேன். வாணலியைக் காயவைக்கும் அதே பழக்கத்தில், இதையும் ஒன்றும் ஊற்றாமல் அடுப்பிலேற்றி, தீயை முழுதாகத் திறந்துவிட்டு வெங்காயம் அரிய உட்கார்ந்துவிட்டேன். நினைவு வந்து எழுந்து பார்த்தபோது, பாத்திரத்தின் மேல் கையை நீட்ட முடியாத அளவுக்கு அனல் அடித்தது. பதற்றத்தில் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து உள்ளே ஊற்றினேன். ஆவி சீறி எழுந்த அந்த ஓசைக்கு நடுவே, ‘டிக், டிக்’ என்று இரண்டு சன்னமான ஒலிகள் கேட்டன. ஆறிய பிறகு பார்த்தால், பால்நிற உட்பரப்பின் நடுவில், வற்றிய குளத்துச் சேறு வெடித்தாற்போல் மயிரிழை விரிசல்கள் படர்ந்திருந்தன. அடுத்த வாரம் அந்த இடத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சில்லு பெயர்ந்து, அடியிலிருந்த கறுப்பு இரும்பு தெரிந்தது.

நான் செய்த பிழை, அதை இரும்பு என்று எண்ணியதுதான். எனாமல் என்பது சாயமும் அல்ல, பெயின்டும் அல்ல, அது கண்ணாடி. கண்ணாடிப் பொடியை வார்ப்பிரும்பின் மேல் படியவைத்து, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூளையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். சூடேறும்போது இரும்பு விரியும் அளவும் கண்ணாடி விரியும் அளவும் ஒன்றல்ல என்பதால், சூளையிலிருந்து வெளிவந்து ஆறும்போது கண்ணாடித் தோல் சற்றே இறுக்கப்பட்ட நிலையில் நிற்குமாறு அதன் கலவையை அமைக்கிறார்கள். அந்த இறுக்கம் இருக்கும்வரை பூச்சு உறுதியாக நிற்கும். கொதிக்கும் பரப்பில் குளிர்நீர் பட்டால், மேல்தோல் மட்டும் சட்டென்று சுருங்க முயன்று, அடியிலுள்ள சூடான இரும்பு அதற்கு இடம்கொடுக்காமல், இழுவிசை தாங்காத கண்ணாடி வெடித்துவிடுகிறது.

உட்புறம் பெயரும் சில்லு உணவில் விழுந்தால் அது கண்ணாடித் துண்டு என்பதால், அந்தப் பாத்திரத்தில் அதன் பிறகு நான் சமைக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே சறுக்கினீர்கள் என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி, இருமுறை வாங்கியவர்:

நான் சறுக்கியது அடுப்பில் அல்ல, கடையில். கனத்த சுவரும் பளபளக்கும் சிவப்பு நிறமும் கொண்ட ஒரு பாத்திரத்தை, தோற்றத்தை மட்டும் நம்பி வாங்கிவந்தேன். வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தபோது, அது வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளே இருந்தது அலுமினியம். மேலே இருந்தது பீங்கான் போன்ற ஒரு பூச்சு. காந்தம் ஒட்டினாலும் அது மட்டும் போதாது, ஏனெனில் எனாமல் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டுப் பாத்திரத்திலும் காந்தம் ஒட்டும். தூக்கிப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரிந்துவிடும்.

அளவைப் பற்றி ஒரு சொல். விருந்தினர் வந்தால் உதவும் என்று 30 செ.மீ. விட்டத்தில் வாங்காதீர்கள், அது பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கும். 26 செ.மீ. வட்டப் பாத்திரமே மூடியுடன் 5 கிலோ அளவுக்கு வரும். அதில் 3 லிட்டர் குழம்பு இருந்தால், கொதிக்கக் கொதிக்க 8 கிலோவைத் தூக்கி இறக்குகிறீர்கள். நான் இரண்டாம் முறை வாங்கியது 24 செ.மீ., ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளும். மூன்று நான்கு பேருக்கு அது தாராளம். கடையில் பார்க்கும்போது வெறுங்கையால் தூக்கிப் பார்த்து ஏமாறாமல், தடித்த துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு தூக்கிப் பாருங்கள். இரு பக்கக் காதுகளிலும் துணியோடு நான்கு விரல்கள் நுழையவில்லையென்றால் அந்தப் பாத்திரம் வேண்டாம்.

உட்புற நிறம் வெறும் அழகுக்கான செய்தி என்று நினைத்திருந்தேன். 1925இல் பிரான்சின் வடபகுதியிலுள்ள ஃப்ரெனுவா-லெ-கிராண்ட் ஊரில் தொடங்கிய லெ க்ரூசே நிறுவனத்தின் பாத்திரங்கள் பெரும்பாலும் வெளிர்நிற வழவழப்பான உட்பரப்பு கொண்டவை. 1974இல் அல்சாஸ் பகுதியில் தொடங்கிய ஸ்டாப் நிறுவனம் சொரசொரப்பான கறுப்பு உட்பரப்பைக் கையாள்கிறது. வெளிர்நிறத்தில் வெங்காயம் எப்போது பொன்னிறத்தைத் தாண்டிக் கருகத் தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஆறு மாதத்தில் தேநீர்க் கறைபோல ஒரு பழுப்பு படிந்துவிடுகிறது. கறுப்பில் கறை தெரியாது, கருகலும் தெரியாது. நான் வாசனையைவிடக் கண்ணை நம்பிச் சமைப்பவள் என்பதால் வெளிர்நிறத்தையே எடுத்தேன்.

மறுமொழி, நாள்தோறும் சமைப்பவர்:

“வார்ப்பிரும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சூடேறும்” என்று கடைக்காரர்கள் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள் உலர்ந்த பாத்திரத்தில் ஒரு கைப்பிடி மாவை மெல்லிய படலமாகத் தூவி, சிறு பர்னரில் மிகக் குறைந்த தீயில் வைத்துப் பார்த்தேன். (வெறும் பாத்திரத்தைச் சூடாக்கக் கூடாது என்பது தெரியும், பக்கத்திலேயே நின்று, மாவு நிறம் மாறத் தொடங்கிய உடனே இறக்கிவிட்டேன்.) தீ படும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் விழுந்தபோது, ஓரத்து மாவு வெள்ளை மாறாமல் கிடந்தது. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியத்தின் நான்கில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறது. அது வல்லது வெப்பத்தைப் பரப்புவதில் அல்ல, தேக்கிவைப்பதில். ஆகவே அடிப்பரப்புக்கு ஏற்ற அகலமான பர்னரில், எண்ணெயோ நீரோ ஊற்றி, குறைந்த தீயில் தொடங்கி ஐந்து நிமிடமாவது பொறுத்திருந்தால்தான் சூடு ஓரம்வரை போய்ச் சேர்கிறது. ஏறிய சூடு எளிதில் இறங்காது என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: அடுப்பை அணைத்து மூடிவைத்த பருப்பு, கால் மணி நேரம் கழித்தும் ஓரங்களில் குமிழிட்டுக்கொண்டிருந்து, நான் விரும்பிய பதத்தைத் தாண்டிக் குழைந்துபோயிற்று. இப்போதெல்லாம் வெந்து முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே அணைத்துவிடுகிறேன்.

இந்தப் பாத்திரத்தின் உண்மையான பயன் புளிப்பான சமையலில் தெரிகிறது. தக்காளியை மூன்று மணி நேரம் சுண்டவைத்தால் வெறும் இரும்புச் சட்டியில் நிறம் கறுத்து, நாவில் உலோகச் சுவை தட்டும். பழக்கிவைத்த எண்ணெய்ப் படலமும் கரைந்துபோகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. அதே காரணத்தால், இதில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும் என்று எண்ணி வாங்குவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். உணவுக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணாடி நிற்கிறது அல்லவா?

மறுமொழி, பாலைக் கருகவிட்டவர்:

எனாமல் ஒட்டாத பரப்பு என்று யாரோ சொன்னதை நம்பி, பாலைக் காய்ச்ச வைத்து, தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். அடியில் தார்போல ஒரு வட்டம். ஸ்டீல் நாரை எடுத்து, தோள் வலிக்கத் தேய்த்தேன்; கருகல் போயிற்று, கூடவே பளபளப்பும் போயிற்று. மங்கிய அந்த இடத்தில்தான் இப்போது எது சமைத்தாலும் முதலில் பிடிக்கிறது. பிறகு ஒரு தோழி காட்டிக்கொடுத்த வழி இது: ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா இட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட்டால், கருகல் ஓரத்தில் சுருண்டு எழும்புகிறது. மர அகப்பையின் நுனியால் நெம்பினால் தோல் உரிவதுபோல் வந்துவிடும்.

இன்னொன்று. பாத்திரமும் மூடியும் சந்திக்கும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான பாத்திரங்களில் அங்கே பளபளப்பான பூச்சு இராது. ஈரத்தோடு மூடிவைத்து ஊருக்குப் போய்வந்தபோது, என் பாத்திரத்தின் வாயைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு துரு வளையம் இருந்தது. அதை ஈரத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினேன். இப்போது பாத்திரத்துக்கும் மூடிக்கும் இடையே துணி ஒன்றை மடித்து வைக்கிறேன்.

மறுமொழி, ரொட்டி சுடுபவர்:

மூடிய கனமான பாத்திரத்துக்குள் மாவின் ஈரமே ஆவியாகித் தங்குவதால், ரொட்டியின் மேல்தோல் உடனே இறுகாமல் மாவு நன்றாக எழும்புகிறது. மூடியைத் திறந்த பிறகுதான் தோல் மொறுமொறுப்பாகிறது. இதற்காகவே வாங்கினேன். ஆனால் ஓவனை 240 டிகிரிக்கு வைத்த முதல் நாளே, சமையலறையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அடித்தது. மூடியின் கறுப்புக் குமிழ் அவ்வளவு சூட்டைத் தாங்கும் வகையல்ல என்பது, உடன் வந்த தாளில் சிறிய எழுத்தில் இருந்தது. ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, எஃகுக் குமிழ் ஒன்றை மாட்டியதும் அந்தக் கவலை தீர்ந்தது. இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள், தண்ணீரை விரைந்து கொதிக்கவைக்கும் உச்ச வேகப் பொத்தானை இந்தப் பாத்திரத்துக்கு அழுத்தவே வேண்டாம். அடி ஒரு நொடியில் கொதிக்க, சுவர் குளிர்ந்தே இருக்கும்.

இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று 24 செ.மீ. ஒன்றை, மடித்த துணியோடு கடைக்குப் போய், காதுகளில் விரல் விட்டுப் பார்த்து வாங்கிவந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். உட்புறம் வெளிர்நிறம், குமிழ் எஃகு. காந்தத்தையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். விரிசல் விழுந்த பழைய பாத்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட எடுத்தபோது, மூடியில் ஒரு கீறல்கூட இல்லை என்பதைக் கவனித்தேன். அதன் உட்புறத்தில் 26 என்று வார்த்திருந்தது. என் வெறும் வார்ப்பிரும்பு வாணலியின் அடியிலும் அதே எண்தான். வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்திற்று.