பிரஷ் ஸ்கிரிப்ட் எழுத்து ஒட்டவே மாட்டேங்குது, அவசரம்!!

கோணல்கோடு:
காலையில போஸ்டர் பிரிண்டுக்குப் போகணும். நல்லா தடியா ஒரு பிரஷ் ஃபான்ட் வாங்கினேன், சாம்பிள்ல ஒரே இழுப்புல எழுதின மாதிரி இருந்துச்சு, நான் டைப் பண்ணா ஆர்-க்கும் ஓ-க்கும் நடுவுல பிளேடால கீறின மாதிரி கேப் விழுது, ரெண்டு தடவை ரீஇன்ஸ்டால் பண்ணியும் அதே கதை. யாராவது சொல்லுங்கப்பா

மைக்கூடு:
எந்த சாஃப்ட்வேர்? எந்த ஃபான்ட்? ஸ்க்ரீன்ஷாட் எங்க?

கோணல்கோடு:
இல்லஸ்ட்ரேட்டர்தாங்க

ராத்திரிடிசைனர்:
கம்ப்யூட்டர் சேத்து வச்சிருக்குற ஃபான்ட் கேஷ க்ளியர் பண்ணுங்க. எனக்கு எது வந்தாலும் அதுதான் காரணம்.

வளைவு:
கேஷ் இல்லைங்க. ஓபன்டைப் பேனல்ல கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் ஆஃப்ல இருக்கும். பக்கத்துல எந்த எழுத்து வருதுன்னு பாத்து எழுத்தோட வால மாத்திப் போடுறது அதுதான்.

கோணல்கோடு:
ஆன்லதான் இருக்கு

பழையதூரிகை:
இதுக்கெல்லாம் ஒரு இழையா. ஃபான்ட் வாங்கின காசுக்கு ஒரு பிரஷ் வாங்கியிருந்தா இந்நேரம் எழுதியே முடிச்சிருக்கலாம். ஃபான்ட்ல ரெண்டு ஓ சேந்து வந்தா ரெண்டும் அச்சு அசலா இருக்கும், பாத்த உடனே குட்டு வெளிப்பட்டுடும்.

வளைவு:
நல்ல ஃபான்ட்ல அதுக்குத்தான் மாற்று எழுத்து வைக்கிறாங்க சார். 1953ல ரோஜர் எக்ஸ்கோஃபோன் மிஸ்ட்ரல்னு ஒரு ஸ்கிரிப்ட் ஃபான்ட் பண்ணப்போ ஈய அச்சு, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி துண்டு, அதுலயே ஒட்ட வச்சாரு.

பழையதூரிகை:
மிஸ்ட்ரல விடுங்க. 1942ல வந்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ங்கிற ஃபான்ட்ட கம்ப்யூட்டர் வந்தப்புறம் கண்ட இடத்துல போட்டு என்ன பாடு படுத்தினாங்கன்னு தெரியும்ல?

வளைவு:
அது போட்டவங்க தப்பு, எழுத்தோட தப்பா?

மைக்கூடு:
சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. கோணல்கோடு, கேரக்டர் பேனல்ல கெர்னிங், அதான் ரெண்டு எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளி, என்னன்னு இருக்கு? எல்லா எழுத்துக்கும் சேத்து வைக்கிற இடைவெளி, ட்ராக்கிங், எவ்ளோ?

கோணல்கோடு:
ஆப்டிகல். 25. முந்தின தலைப்புக்கு வச்சது, அப்படியே வந்திருக்கு போல

மைக்கூடு:
அதானே பாத்தேன். ஆப்டிகல் எழுத்தோட உருவத்த பாத்து தானா இடைவெளி போட்டுக்கும், ஃபான்ட் செஞ்சவரு வால் எங்க போய் முட்டணும்னு அளந்து வச்சத கண்டுக்காது. ஆட்டோவுக்கு மாத்துங்க, ட்ராக்கிங் 0. ஸ்கிரிப்ட் ஃபான்ட்ல ட்ராக்கிங்க தொடவே கூடாது.

கோணல்கோடு:
ஒட்டிருச்சு!!! ஆனா வெள்ளை அவுட்லைன் குடுத்தா ஒட்டுற இடத்துல எல்லாம் குறுக்க கோடு வருது

மைக்கூடு:
எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் ஒட்டுது, அதனால ஒவ்வொண்ணுக்கும் தனியா அவுட்லைன் விழும். டெக்ஸ்ட்ல இருக்குற ஸ்ட்ரோக்க, அதான் அந்த அவுட்லைன, எடுத்துட்டு அப்பியரன்ஸ் பேனல்ல புதுசா ஒண்ணு சேத்து கேரக்டர்ஸுக்கு கீழ இறக்கி விடுங்க. இல்லன்னா ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு க்ரியேட் அவுட்லைன்ஸ் குடுத்து எழுத்த வெறும் வடிவமா மாத்துங்க, அப்புறம் பாத்ஃபைண்டர்ல யுனைட் குடுத்து எல்லாத்தையும் ஒண்ணா சேருங்க. அதுக்கப்புறம் எழுத்த திருத்த முடியாது, ஸ்பெல்லிங் முதல்லயே பாத்துக்கோங்க.

கோணல்கோடு:
வந்துருச்சு, அனுப்பிட்டேன். நன்றி

பழையதூரிகை:
முழுசா கேப்பிடல் எழுத்துல போடலையே? அது ஒட்டாதே.

பழையதூரிகை:
தம்பி?