காலிறுதியில் நம்மூர் அணி தாக்குப்பிடிக்குமா?

கரிசல்காட்டான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கயத்தாறுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் கிராமத்து ஹாக்கி அணி, கோவில்பட்டியில் நடைபெறும் போட்டியில் லீக் சுற்றைத் தாண்டி முதல் முறையாக நாக் அவுட் சுற்றுக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை காலிறுதி. எதிரணியினர் விடுதியில் தங்கி, நாள்தோறும் செயற்கை இழைத் தளத்தில் பயிற்சி பெறுகிறவர்கள். எங்கள் பையன்களோ கருவேல முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கரிசல் மண்ணில் ஆடிப் பழகியவர்கள். லீக்கில் இரண்டு வெற்றி, ஒரு சமன். வாங்கிய நான்கு கோல்களில் மூன்று பெனால்டி கார்னரில், அதாவது கோலுக்கு அருகே நாங்கள் செய்த தவறுக்காக எதிரணிக்குக் கிடைத்த அடியில், விழுந்தவை என்பதுதான் உறுத்துகிறது. போதாக்குறைக்கு, நடுக்களத்தில் ஆடும் எங்கள் சென்டர் ஹாஃபுக்குத் தொடையில் தசைப்பிடிப்பு. எங்களுக்கு வாய்ப்பு உண்டா? இருக்கும் நான்கு நாளில் எதைச் சரிசெய்வது?

பழைய லெஃப்ட் ஹாஃப்:

வாய்ப்பு உண்டு, ஆனால் எதிரணிக்குத்தான் கூடுதல் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. மண் தரையில் பந்து துள்ளி வரும், வேகம் குறையும், ஆட்டக்காரருக்கு யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்த செயற்கைத் தளத்தில் அந்த ஒரு நொடி கிடைக்காது, பந்து வழுக்கிக்கொண்டு வந்து ஸ்டிக்கில் மோதித் தெறித்துவிடும். லீக் ஆட்டங்களிலேயே உங்கள் பையன்கள் இதைப் பட்டுத் தெரிந்திருப்பார்கள். எனவே முதல் பதினைந்து நிமிடம் கோல் அடிப்பதைப் பற்றி நினைக்காமல், பந்தை மென்மையாக வாங்குவது, பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளுவது என்ற இரண்டை மட்டும் செய்யச் சொல்லுங்கள். நம் வெயிலில் தளம் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த தளத்தில் பந்து சற்று மெதுவாகி, மண் தரைக்காரனுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். மறுபடி தண்ணீர் தெளிப்பார்களா, எப்போது என்று நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

தசைப்பிடிப்பு உள்ளவரை உட்கார வையுங்கள். ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பிற்பாதியில் பத்து நிமிடம் இறக்கலாமே என்று ஆசை வரும். தொடைச் சதை அதற்குள் இறுகிப் போயிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விசில்காரன்:

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிக்கப்போவது தளம் அல்ல, பெனால்டி கார்னர்தான். பல வருடம் அம்பயராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: மண் தரை அணிகள் கார்னர் கொடுப்பது பெரும்பாலும் எதிரணியின் திறமையால் அல்ல, தம் காலால். ‘டி’க்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள், பந்து காலில் பட்டால் கார்னர். மண்ணில் பந்து எகிறும் என்று காலை அண்டை கொடுத்துப் பழகியவர்கள் அதையே இங்கும் செய்கிறார்கள். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்துத் தடுக்கும் பழக்கத்தை நான்கு நாளில் முழுதாகக் கொண்டுவர முடியாவிட்டாலும், பாதியாவது வரும்.

அடுத்தது, கார்னரைத் தடுக்கும்போது கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டில் நிற்கலாம். பந்து தள்ளப்படும் முன்பே அவசரப்பட்டு ஓடுகிறவரை நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பிவிடுவோம், அவருக்குப் பதில் ஆளும் கிடையாது. அந்தப் பதற்றத்திலேயே தோற்ற அணிகளைப் பார்த்திருக்கிறேன். நேரடியாக ஓங்கி அடிக்கும் முதல் அடி, கோலின் அடியில் உள்ள 460 மில்லிமீட்டர் உயரப் பலகைக்கு மேலே போனால் கோல் இல்லை. பந்தை ஸ்டிக்கால் இழுத்து எறியும் டிராக் பிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. எதிரணியில் டிராக் பிளிக் போடுகிறவர் யார் என்று பார்த்துவிட்டால், அடியைத் தடுக்க முன்னால் பாயும் உங்கள் முதல் ரஷ்ஷர் எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கரிசல்காட்டான்:

மிக்க நன்றி. நேற்று பழைய ஆட்டத்தின் கைப்பேசிப் பதிவைப் பார்த்தோம். விசில்காரன் ஐயா சொன்னதுபோல் மூன்று கார்னர்களில் இரண்டு எங்கள் காலில் பட்டு வந்தவைதான். சமனில் முடிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

கோல் போஸ்ட் காவலன்:

அறுபது நிமிடம் சமனில் பிடித்துவைத்தால் அதுவே உங்கள் அணிக்குப் பெரிய வாய்ப்பு என்பது என் கணிப்பு. இப்போது பெரும்பாலும் கூடுதல் நேரம் கிடையாது, நேராக ஷூட் அவுட்தான். உங்கள் போட்டியின் விதியை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் அடிப்பவர் தனியாக 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பி எட்டு நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி கோல் போட வேண்டும். அங்கே விடுதிப் பயிற்சியைவிட நிதானம் பெரிது. கோல்கீப்பர் அவசரப்பட்டு விழுந்துவிடாமல், கோணத்தைக் குறைத்துக்கொண்டு, எட்டு நொடி கரையும்வரை நின்று ஆடினால் அடிப்பவன்தான் தடுமாறுவான். தினமும் இருபது முறை, எட்டு வரை சத்தமாக எண்ணச் சொல்லிப் பயிற்சி கொடுங்கள்.

மாரீஸ்வரன் சக்திவேல் இதே கோவில்பட்டியிலிருந்து கிளம்பி 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார் என்பதைப் பையன்களுக்கு நினைவூட்டினால் தவறில்லை. ஆனால் அதை ஆட்டத்துக்கு முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை மைதானத்தில் கால், ஸ்டிக், எட்டு நொடி ஆகிய மூன்றைத் தவிர வேறு பேச்சே வேண்டாம்.