பலா மரத்தில் பாஞ்சோ செய்யலாமா?

கேள்வி (கும்பகோணம்):
வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தி, நீண்ட கழுத்தில் தந்திகள் கட்டிய இசைக்கருவியான பாஞ்சோவை, ஐந்து தந்தியுடன் வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். வீணைக்குப் பயன்படும் பலா மரம் இதற்கும் ஏற்றதா, தோலுக்கு எதைப் போர்த்தலாம் என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் (தஞ்சாவூர்):
வட்டச் சட்டத்துக்குப் பலா போதும். 11 அங்குல விட்டத்துக்கு ஒரே கட்டையைக் குடையாமல், சிறு துண்டுகளை வளையமாக ஒட்டி, ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் இணைப்புக்கு நேரே வராதபடி செங்கற்கட்டு போல மாற்றி அடுக்குங்கள், ஐயா. கழுத்துக்கு மட்டும் நன்கு உலர்ந்த தேக்கையோ ஈட்டியையோ தேர்ந்தெடுங்கள். எஃகுத் தந்திகளின் இழுவை ஓயாதது.

பதில் (மன்னார்குடி):
ஆட்டுத்தோல் இனிய நாதம் தரும். ஆனால் ஐப்பசி ஈரத்தில் தளர்ந்து, அதன்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரை தாழ்ந்துவிடும் என்பதால், நம் பகுதிக்கு பிளாஸ்டிக் தோலே என் பரிந்துரை. கஞ்சிராவை நினைத்து உடும்புத்தோலைத் தேட வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கழுத்தின் குறுக்கே வரும் மெட்டுகளையும் (தந்தியை அழுத்தும் சுர இடங்கள்) வீணையைப் போல மெழுகில் பதிக்கலாமா?

பதில் (தஞ்சாவூர்):
வேண்டாம். வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். பாஞ்சோவில் கழுத்தில் அறுத்த காடியில் (மெல்லிய பள்ளத்தில்) மெட்டுக் கம்பியை இறுக்குவதால் கணக்கு முன்பே சரியாக இருக்க வேண்டும். மேல்முனையிலிருந்து குதிரை வரையுள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும். மீதியை மீண்டும் அவ்வாறே வகுத்துச் செல்லுங்கள். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் விழாவிட்டால், காடி அறுக்க ரம்பத்தை எடுக்காதீர்கள்.